நெல் வயலில் உரம் காற்றாய்ப் போகும் விதம்

யூரியா இட்டுப் பத்து நாட்கள் சென்றும் பயிர் வெளிறி நிற்பதைக் கண்டு, உரத்திற் கலப்படம் என்று ஐயுறும் குடியானவர்கள் பலர். அநேக வயல்களில் குற்றம் உரத்தினுடையதன்று. அஃது இடப்பட்ட முறையினுடையதே. 45 கிலோ மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 20 கிலோ தழைச்சத்து உண்டு. அதில் எவ்வளவு பயிரைச் சேரும் என்பதை நிர்ணயிப்பதில், மண்ணில் வாழும் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களுக்குப் பெரும் பங்குண்டு.

இவ்வுயிர்களுக்கும் ஆகாரமும் சுவாசமும் வேண்டும். இவற்றுட் பெரும்பாலானவை மட்கும் தழையையும் வேரையும் உண்டு வாழ்வன. வேறு சில, அம்மோனியாவைப் பிராணவாயுவுடன் சேர்த்து நைட்ரேட்டாக்கி, அதனால் வெளிப்படும் சக்தியைக் கொண்டே ஜீவிப்பன. நைட்ரேட் உண்டாவது நுண்ணுயிர்களின் தொழிலென்று 1877-ல் பிரான்ஸ் தேசத்து ஷ்லோசிங், மியூண்ட்ஸ் என்போர் பரிசோதனையாற் காட்டினர்.

வயலில் நீர் கட்டியதும் நிலைமை மாறுகிறது. நீரினூடே காற்று மிக மெதுவாகவே புகும். ஆதலின் சேற்றிலுள்ள பிராணவாயு ஓரிரு நாளில் தீர்ந்துபோய், மேலே மெல்லிய ஏடளவு மண்ணில் மட்டும் எஞ்சும். அதன் கீழுள்ள பாக்டீரியாக்களுட் பல, நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைப் பறித்துச் சுவாசிக்கின்றன. எஞ்சிய நைட்ரஜன் வாயுவாகி ஆகாயத்திற் கலக்கிறது. அம்மோனியா உருவில் சேற்றினுள் தங்கும் சத்தோ களிமண்ணைப் பற்றி நின்று பயிருக்கு உதவும். வயல் காய்ந்து வெடிக்குங்கால் அதுவும் நைட்ரேட்டாகிறது. மறுபடி நீர் கட்டியதும் அது நஷ்டமாகிறது.

ஆகவே பின்வருவன கவனிக்கத்தக்கன:

1. அடியுரத்தைக் கடைசி உழவிற் சேற்றோடு கலந்து, வயலைக் காயவிடாது வைத்தல் வேண்டும்.

2. மேலுரம் இடுமுன் நீரை வடித்து, ஈரச் சேற்றில் தூவி, மறுநாள் நீர் பாய்ச்சுதல் நலம். தேங்கிய நீரில் தூவின், வெயில் மிகுந்த பகலில் அம்மோனியாவாகவும் சத்துப் பறந்துபோகும்.

3. உரத்தை ஒரே தடவையில் இடாது, பயிரின் தேவைக்கேற்பப் பகுத்திடல் வேண்டும்.

4. வேம்பு, நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவின் வேகத்தைத் தணிக்கும். இந்தியாவில் தயாராகும் யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சு 2015-ல் கட்டாயமாக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

முறைப்பாசனம் நடைபெறும் ஊர்களில், நீர் விடும் நாளைக் கிராம அதிகாரிகள் முன்னரே தெரிவித்தால், குடியானவர்கள் அதற்கேற்ப மேலுரம் இட இயலும். நீர் வரவு அறியாது இட்ட உரத்திற்குக் கொடுத்த பணம் காற்றிற் கொடுத்ததேயாகும்.