கருவி செய்யும் கை

ஆத்தங்குடி என்றதும் எல்லோருக்கும் தரைதான் ஞாபகம் வரும். தச்சு வேலை செய்கிற எனக்கு மரமும் சேர்ந்தே வரும். ஊரில் ‘பெரிய வீடு’ என்று சொல்லும் லட்சுமி விலாஸுக்குள் நுழைந்தால் காலடியில் பூக்கல் என்னும் பூப்போட்ட தரைக்கல், தலைக்கு மேல் வேலைப்பாடு மிகுந்த மர விதானம். இரண்டும் கைவேலைதான். ஆனால் பிறகு வந்த காலத்தில் இரண்டும் போன வழி வேறு.

ஆத்தங்குடி இருக்கும் செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1940கள் வரை எழுந்தவை. அவற்றைக் கட்டிய நகரத்தார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். அங்கிருந்து தேக்கு கப்பலேறி வந்தது. அந்த மரத்தில் கஜலட்சுமியையும் யாளியையும் செதுக்க ஓர் உளி போதாது. தட்டையாக, வளைவாக, கூராக, அகலத்துக்கு ஒன்றாக ஒரு பை நிறைய வேண்டும். அவை கொல்லுப் பட்டறையில் பிறந்தன. எந்த வளைவு வேண்டும் என்று ஆசாரி சொல்வார். கொல்லாசாரி இரும்பைக் காய்ச்சி அடித்து, தோய்த்துப் பதம் வைப்பார். பதம் ஏறினால் முனை தெறிக்கும், இறங்கினால் மடங்கும். மடங்கிய உளி மறுபடி உலைக்குப் போகும். பிடிக்குக் கருவேலம், உளியைத் தட்டும் கொட்டாப்புளிக்குப் புளியமரம். குறையைச் சொன்னால் கேட்டுத் திருத்த ஆள் பக்கத்திலேயே இருந்தார்.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த வருமானம் முடங்கியது. பல வீடுகளைப் பின்னாளில் இடித்து விற்றார்கள். தூண்களும் கதவு நிலைகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. புதிய கதவுகளில் பலவற்றை இன்று கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம் செதுக்குகிறது. அறுக்கவும் இழைக்கவும் இயந்திரம் பெரிய உதவி. என் முதுகுக்கு அது தெரியும். ஆனால் சுழலும் முனை உள்மூலையை உருட்டித்தான் விடும். பழைய கதவு நிலையில் இரண்டு இதழ் சேரும் இடத்தில் விரல் நுனியை வையுங்கள், கூர் தட்டும். அது உளி போன இடம். கடை உளியை வாங்கி அந்தக் கூரைக் கொண்டுவரப் பார்க்கிற ஆசாரிக்கு, தேவையான வளைவை அடித்துத் தரும் பட்டறை கிடைப்பது அரிதாகிவிட்டது.

பூக்கல் பட்டறையில் நிலைமை வேறு. கண்ணாடியைத் துடைத்து, மேலே இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் தகட்டை வளைத்துச் செய்த அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்ட் கூழைக் கரண்டியால் ஊற்றி, அச்சை நேராக மேலே எடுக்கிறார்கள். கை கொஞ்சம் கோணினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். பிறகு உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே கலவையை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். கல் இறுகியபின் நாள்கணக்கில் தண்ணீரில் ஊறும். கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு கல்லில் இருக்கும். சூளை கிடையாது. சிலர் அச்சே இல்லாமல் வண்ணத்தை ஊற்றி இழுத்தே அலை அலையாக வரைகிறார்கள்.

ஆலை டைல்ஸ் பெருகிய பிறகும் இந்தப் பட்டறைகள் நிற்பதற்கு, கேட்டு வாங்கும் வீட்டுக்காரர்களும் கட்டடக்கலைஞர்களும் விடுதிகளும் முக்கியக் காரணம். இன்னொன்றும் உண்டு: அச்சு நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம், புதுப் பூ வேண்டுமானால் புதுத் தகட்டை வளைக்கலாம். கருவி இன்னும் கைக்கு அடங்கியே இருக்கிறது. தச்சு வேலை இழந்தது இதைத்தான்.

ஆகவே கதவு செய்யக் கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அறுவையும் இழைப்பும் இயந்திரத்தில் நடக்கட்டும். பூவேலையை மட்டும் உளியால் முடிக்கச் சொல்லுங்கள், அதற்கான கூலியையும் தயங்காமல் கொடுங்கள். அந்தக் கூலி ஆசாரியோடு நிற்காது. அவருக்கு உளி அடித்துக் கொடுப்பவர் வரை போய்ச் சேரும்.