முதல் ஐந்து நிமிடங்கள் சொல்லும் சேதி

திகில் படமா, சாகசக் கதையா, குடும்பக் கதையா என்று திரையில் யாரும் நமக்கு அறிவிப்பதில்லை. ஆயினும் முதல் ஐந்து நிமிடங்களுக்குள் அது நமக்கு விளங்கிவிடுகிறது. ஒளி, ஓசை, எழுத்து, கமரா நிற்கும் இடம் ஆகியவற்றால் இயக்குநர் அதைச் சொல்லிவிடுகிறார். கவிதைக்கு முதலடி எப்படியோ, திரைப்படத்துக்குத் தொடக்கக் காட்சி அப்படி.

1975 இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கிய 'ஜோஸ்' படத்தின் தொடக்கத்தில் ஒரு பெண் கடலில் தனியாக நீந்துகிறாள். கமரா நீருக்கடியிலிருந்து அவளைப் பார்க்கிறது. ஜோன் வில்லியம்ஸின் இசையில் இரண்டு சுரங்கள் மாறி மாறி ஒலித்து வேகம் கொள்கின்றன. சுறாமீனோ கண்ணுக்குத் தென்படுவதில்லை. கீழிருந்து பார்ப்பது எது என்று நாமே ஊகிக்கிறோம். அச்சம் அங்கே பிறக்கிறது.

ஜோர்ஜ் லூகாஸின் 'ஸ்டார் வோர்ஸ்' (1977) விண்கலங்கள் நிறைந்த படம். ஆனால், கதை நெடுங்காலத்துக்கு முன் நடந்ததாக எழுத்தில் கூறியே அது தொடங்குகிறது. பாட்டிமார் 'முன்னொரு காலத்திலே' என்று தொடங்குவதைப் போன்றது இது. ஆகவே நம் மனம் விஞ்ஞான விளக்கத்தைத் தேடாமல், வீரனும் இளவரசியும் வரும் கதைக்குத் தயாராகிறது.

ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' (1997) படத்தில் முதலில் தெரிவது ஒரு சிறுமியின் பழைய இளஞ்சிவப்புச் சப்பாத்து. அதைத் தைக்கும் கைகளைக் கமரா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சிறிய பொருள், பெரிய கவனம்: இது ஏழைக் குடும்பமொன்றின் கதை என்பதும், அந்தச் சப்பாத்தே கதையின் உயிர் என்பதும் சொல்லாமலே புரிகின்றன.

முன்பு பார்த்த படங்களின் நினைவே இந்தக் குறிப்புகளை நமக்குப் புரியவைக்கிறது. அதிலேதான் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு படத்தின் வகையைச் சொல்லும் அதே வழியில், ஒரு மக்களைப் பற்றிய எண்ணத்தையும் மனதில் பதித்துவிடலாம். 1992 இல் டிஸ்னி வெளியிட்ட 'அலாதீன்' கார்ட்டூன் படத்தின் தொடக்கப் பாடல், அரபு நாட்டைக் காது வெட்டும் தேசமாகச் சித்திரித்தது. அமெரிக்க அரபு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1993 இல் வீடியோவாக வந்தபோது அந்த வரிகள் மாற்றப்பட்டன. ஆனால் அந்நாட்டைக் காட்டுமிராண்டித்தனமானது என்னும் சொல் அப்படியே இருந்தது. கதை தொடங்குமுன்பே சிறுபிள்ளைகளின் காதில் விழுந்த சொல் அது.

எனவே, படம் பார்க்கையில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு பயிற்சி செய்யலாம். தொடக்கக் காட்சியை ஒருமுறை சத்தமின்றிப் பாருங்கள். மறுமுறை கண்ணை மூடிக் கேளுங்கள். பிறகு மூன்று கேள்விகள்: எதை எதிர்பார்க்கச் சொன்னது? எதைக் கொண்டு சொன்னது? யாரைப் பார்த்து அஞ்சச் சொன்னது? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்தால், அந்த அச்சம் நியாயமானதுதானா என்று பேசிப் பார்க்கலாம்.