தாகமும் விடாயும்



ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். 'தேர்ஸ்ரியர்' என்பது அந்தச் சொல். 'தேர்ஸ்ரி' என்றால் தாகமுள்ள என்று பொருள். அதன் ஈற்றிலுள்ள 'வை' என்ற எழுத்து 'ஐ' ஆக மாறி, 'ஈ ஆர்' என்ற விகுதி சேர்ந்தால் ஒப்பீட்டு வடிவம் பிறக்கும். 'மோர்' என்ற சொல்லை முன்னே வைத்தும் சிலர் எழுதுவர். ஆனால் 'மோர் தேர்ஸ்ரியர்' என இரண்டையும் சேர்த்து எழுதினால் இக்கால ஆங்கிலத்தில் பிழை. ஷேக்ஸ்பியர் காலத்தில் அத்தகைய இரட்டை ஒப்பீடு வழக்கில் இருந்ததே.

இச்சொல்லை நான் எண்ணிப் பார்க்க ஒரு மாணவன் காரணமானான். எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்புக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியொன்று கொடுத்திருந்தேன். கப்பல் உடைந்து படகில் தத்தளித்த மாலுமி ஒருவன் கடல்நீரைக் குடித்து முன்னையிலும் 'தேர்ஸ்ரியர்' ஆனான் என்பது அதில் ஒரு வாக்கியம். அந்த மாணவன் இப்படி எழுதியிருந்தான்: "உப்புத் தண்ணீர் குடிக்கக் குடிக்க அவனுக்கு விடாய் கூடியது."

'விடாய்' பேச்சுவழக்கு என்று சிவப்பு மையால் வெட்டி, "அவன் அதிக தாகமுடையவன் ஆனான்" என்று திருத்தினேன். அவன் எழுந்து, "சேர், எங்கடை வீட்டிலை ஆரும் 'அதிக தாகமுடையவன்' எண்டு சொல்லிறேல்லையே" என்றான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்து அவனை இருத்திவிட்டேன். ஆனால் அன்றிரவு அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் 'விடாய்' என்ற சொல்லைத் தேடினேன். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் அகராதி அதற்குக் களைப்பு என்றும் தாகம் என்றும் பொருள் தருகிறது. நான் நல்ல தமிழென்று எழுதிய 'தாகம்' எரிதலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலச் சொல்லின் வேரோ உலர்தலைக் குறிப்பது. எரிவு, உலர்வு, களைப்பு என மூன்று அனுபவங்களும் ஒரே நாவறட்சியைத்தான் சொல்கின்றன. இவற்றுள் 'விடாய்' மட்டும் தாழ்ந்தது என்று சொல்ல எனக்கு என்ன நியாயம்?

அடுத்து வாக்கிய அமைப்பைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் தாகம் ஆளின் பண்பு. 'நான் தாகமானவன்' என்பது போன்ற அமைப்பு. தமிழில் தாகம் நம்மிடம் வந்து சேர்வது. 'எனக்குத் தாகம்' என்று நான்காம் வேற்றுமையால்தான் சொல்கிறோம். பழைய ஆங்கிலத்திலும் தாகம் ஒருவரை வந்து பற்றுவதாகச் சொல்லும் அமைப்பு இருந்தது. அவர்கள் அதை விட்டுவிட்டார்கள். நாம் இன்றும் விடவில்லை.

மூன்றாவது, ஒப்பீடு. ஆங்கிலம் அதைப் பெயரடையின் வாலிலே கட்டிவிடுகிறது. தமிழில் அப்படியொரு விகுதி இல்லை. ஒப்பீட்டை வேற்றுமை உருபு தாங்குகிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு 'இல்', 'இன்' என்ற உருபுகளைக் கூறும் நன்னூல், ஒப்பினை அதன் பொருள்களுள் ஒன்றாக வைக்கிறது. 'தேனினும் இனிது' என்பதில் இருப்பது 'இன்'. நம் ஊர்ப் பேச்சில் 'அவனிலும் பார்க்க எனக்கு விடாய்' என்கிறோமே, அதிலிருப்பது 'இல்'.

மாலுமியின் வாக்கியத்திலோ இன்னொருவரோடு ஒப்பீடு இல்லை. அவன் ஒப்பிடப்படுவது தன் முந்திய நிலையோடு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதை வெளியேற்றக் குடித்ததிலும் கூடுதலான நீரை உடல் இழக்கிறது. ஆகவே குடித்தது தாகத்தை வளர்க்கிறது. இந்தத் தொடர்ச்சியை 'குடிக்கக் குடிக்க' என்ற அடுக்கு எவ்வளவு அழகாகச் சொல்லிவிடுகிறது! என் திருத்தத்தில் அது செத்துப்போயிருந்தது.

இச்சொல் மனிதருக்கு மட்டும் உரியதுமன்று. பயிரையும் காரையும் கூட ஆங்கிலேயர் இவ்வாறு சொல்வர். 'அதிக தாகமுடைய பயிர்' என்று எழுதினால் எந்தக் கமக்காரனுக்கு விளங்கும்? 'கூடத் தண்ணீர் குடிக்கும் பயிர்', 'கூடப் பெற்றோல் குடிக்கும் கார்' என்றால் எவருக்கும் விளங்கும். சொல்லுக்குச் சொல் தேடாமல், அந்தப் பொருளை நம்மவர் எப்படிச் சொல்வார்கள் என்று தேடுவதே மொழிபெயர்ப்பு.

மறுநாள் அந்தப் பயிற்சிக் கொப்பியை மீண்டும் கேட்டு வாங்கினேன். என் திருத்தத்தை நானே வெட்டி, அவனுடைய வாக்கியத்துக்குச் சரி போட்டு, முழுப்புள்ளியும் கொடுத்தேன். வகுப்பில் காரணத்தையும் சொன்னேன். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.