அளவு சரியான பிறகும் மாத்திரை எதற்கு?

"டாக்டர், இரத்த அழுத்தம் 128/78 வந்துவிட்டது. இனி மாத்திரையை நிறுத்திவிடலாம் அல்லவா?" புறநோயாளிப் பிரிவில் நீரிழிவு நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சிலர் கேட்பதும் இல்லை. தாமாகவே நிறுத்திவிட்டு, சில மாதங்கள் கழித்து மூச்சுத் திணறலுடன் வருகிறார்கள்.

நீரிழிவு இரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சிதைக்கிறது. உயர் அழுத்தம் அதே சுவரை மேலும் தாக்குகிறது. இரண்டும் சேரும்போது இதயம், மூளை, சிறுநீரகம், விழித்திரை ஆகியவை பாதிக்கப்படுகின்றன. சர்க்கரையை மட்டும் கவனித்தால் போதாது.

பிரிட்டனில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வொன்று இதைத் தெளிவாக்கியது. இரண்டாம் வகை நீரிழிவும் உயர் அழுத்தமும் கொண்ட 1,148 பேர் அதில் பங்கேற்றனர். தீவிரச் சிகிச்சை பெற்றோரின் சராசரி அழுத்தம் 144/82; மற்றவர்களுக்கு 154/87. வேறுபாடு சிறியதே. ஆயினும் முதல் பிரிவினரிடையே பக்கவாதம் 44 சதவீதமும், நீரிழிவு தொடர்பான மரணம் 32 சதவீதமும் குறைவாக இருந்தன.

அதன் தொடர்ச்சி இன்னும் முக்கியமானது. ஆய்வு முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இரு பிரிவினரின் அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. 2008-இல் வெளியான முடிவுகளின்படி, முன்பு கிடைத்த நன்மையும் பெரும்பாலும் நிலைக்கவில்லை. அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் வரைதான் பயன். ஆகவே 128/78 என்பது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. அதை நிறுத்துவதற்குக் காரணம் அன்று.

பெரும்பாலான நீரிழிவு நோயாளிகளுக்கு இலக்கு 130/80-க்குக் கீழ். முதியோருக்கும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் உள்ளோருக்கும் மருத்துவர் இதை மாற்றி அமைப்பார்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

• அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, தேநீர், புகை கூடாது. முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின், கையை இதய மட்டத்தில் வைத்து அளந்து, குறித்து வையுங்கள்.
• ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இதில் அடங்கும்.
• சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகப் பாதிப்பு உள்ளோரும் சிலவகை அழுத்த மாத்திரைகளை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தக் கூடாது.
• மூட்டுவலிக்காகக் கடையில் தாமாகவே வாங்கும் வலி மாத்திரைகள் அழுத்தத்தை உயர்த்தலாம்; சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.
• மாத்திரையால் வறட்டு இருமலோ கால் வீக்கமோ ஏற்பட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் உள்ளன.

குடும்பத்தினர் கவனத்திற்கு

நீரிழிவு நரம்புகளையும் பாதிப்பதால், மாரடைப்பின்போது சிலருக்கு நெஞ்சுவலியே தோன்றாது. திடீர் மூச்சுத் திணறல், காரணமற்ற வியர்வை, மிகுந்த சோர்வு ஆகியவை மட்டுமே அறிகுறிகளாக இருக்கலாம். 'வாயுத் தொல்லை' என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை வரும்போது அழுத்தக் குறிப்பேட்டையும், உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் எடுத்து வாருங்கள். மாத்திரையைக் குறைக்க இயலுமா என்பதை அவற்றைப் பார்த்து நாம் சேர்ந்தே முடிவு செய்வோம்.