நாம் யார் பக்கம்?

கரமனையில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்தினரிடையே ஒரு வினா எழக்கூடும்: கால்பந்துக் களத்தில் கேரளம் இறங்கும்போது நாம் யார் பக்கம்?

கேரள மாநிலம் 1956 நவம்பர் 1-இல் உருவாயிற்று. அப்பருவத்தின் சந்தோஷ் கோப்பைப் போட்டி திருவனந்தபுரத்திலேயே நடைபெற்றது. கோப்பையை ஐதராபாத் அணி கொண்டு சென்றது. கேரளத்தின் முறை வர 1973 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மாநில அணியை அமைப்பது எளிதன்று. வெவ்வேறு தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஆடுபவர்கள் சில வாரங்களே ஒன்றுகூடுகின்றனர். நேற்றுவரை எதிரெதிரே நின்றவர்களை ஓரணியாக்குவது பயிற்சியாளரின் கடமை. 1973-இல் அக்கடமையை ஏற்றவர் சைமன் சுந்தரராஜ் என்னும் தமிழர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் அவரே. அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியதே இல்லை.

1973 டிசம்பர் 27. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானம். இறுதியாட்டத்தில் ரயில்வே அணியைக் கேரளம் 3-2 என வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. கேரளம் பெற்ற முதல் சந்தோஷ் கோப்பை அதுவே.

ஆட்டக் கணக்கில் பயிற்சியாளரின் பெயர் இடம்பெறுவதில்லை. ஆயினும் அவ்வெற்றியில் ஒரு தமிழரின் உழைப்பு கலந்திருந்தது. கேரளம் இரண்டாம் முறை கோப்பை வென்றது 1992-இல். அதுவும் தமிழ்நாட்டுக் கோயம்புத்தூரில்! பிறந்த ஊரின் மேல் கொண்ட பற்றுக் குறையாமலே, வாழும் ஊரின் வெற்றியையும் நமதெனக் கொண்டாடலாம்.