ஓட்டத்தின் நடுவே நின்ற இதயம்

உடல் வலிமைக்கு உதாரணம் கூறச் சொன்னால் நாம் விளையாட்டு வீரர்களைத்தான் கூறுவோம். அத்தகைய வீரர் ஒருவர், பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கையில், எவரும் தம்மீது மோதாமலேயே மைதானத்தில் சாய்ந்து உயிர் துறந்தார். அவர்தான் கமரூன் நாட்டின் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோ. அவர் ஏன் இறந்தார், அந்த இறப்பிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஃபோ 1975-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் பிறந்தார். ஆறடிக்கு மேல் உயரம். நடுக்களத்தில் நின்று எதிரணியின் பந்தைத் தடுத்துத் தம் அணியினருக்கு அளிப்பது அவர் பணி. 1994-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஆடியபோது அவருக்கு வயது 19. பின்னர் பிரான்சின் லான்ஸ் கழகத்தில் சேர்ந்து, 1998-இல் அக்கழகம் பிரெஞ்சு லீக் பட்டம் வெல்லத் துணை நின்றார். அவ்வாண்டு கால் எலும்பு முறிந்ததால் உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தார். எனினும் மனந்தளராமல் மீண்டு வந்தார். இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் கழகத்திலும், பிறகு பிரான்சின் லியோன் கழகத்திலும் ஆடினார். 2002-இல் லியோனுடன் மீண்டும் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு மான்செஸ்டர் சிட்டி கழகத்துக்காக 9 கோல்கள் போட்டார்.

2003 ஜூன் 26. பிரான்சில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைப் போட்டியின் அரையிறுதி ஆட்டம். கமரூனும் கொலம்பியாவும் மோதின. ஆட்டம் நடந்தது ஃபோ முன்பு ஆடிப் புகழ் பெற்ற அதே லியோன் மைதானத்தில். 72-ஆம் நிமிடத்தில் நடு வட்டத்தில் அவர் தனியே சாய்ந்தார். மருத்துவர்கள் சுமார் முக்கால் மணி நேரம் போராடியும் பயனில்லை. 28 வயதில் அவர் வாழ்வு முடிந்தது. கமரூன் அந்த ஆட்டத்தில் வென்றது. ஆனால் மகிழ யாருக்கும் மனமில்லை. மூன்று நாட்களுக்குப் பின் இறுதி ஆட்டத்தில் வென்ற பிரான்சின் தலைவர் மார்செல் தெசாயி, கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொண்டாடவில்லை. கமரூன் தலைவர் ரிகோபெர் சாங்குடன் சேர்ந்து அதைப் பிடித்தபடி நின்றார்.

முதல் பிரேதப் பரிசோதனையில் காரணம் தெரியவில்லை. இரண்டாவது பரிசோதனையில்தான் உண்மை புலப்பட்டது. ஃபோவின் இதயத் தசைச் சுவர் இயல்புக்கு மீறித் தடித்திருந்தது. இது பெரும்பாலும் பரம்பரையாக வரும் குறை. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றாது. ஆனால் கடுமையாக ஓடும்போது, இதயத்தைத் துடிக்கச் செய்யும் மின் தூண்டல் தாறுமாறாகலாம். அப்போது இதயம் இரத்தத்தை இறைக்காமல் வெறுமனே நடுங்கும். மூளைக்கு இரத்தம் செல்லாது. உதவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

இக்குறையை முன்கூட்டியே அறிய வழி உண்டா? உண்டு. ஈ.சி.ஜி., இதய ஸ்கேன் ஆகிய சோதனைகள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இத்தாலி நாட்டில் போட்டிகளில் கலந்துகொள்வோருக்கு ஈ.சி.ஜி. சோதனை 1982 முதலே கட்டாயம். உலகக் கோப்பை வீரர்களுக்கும் 2006 முதல் இதயச் சோதனை நடைபெறுகிறது.

உடனடி உதவியின் பலனுக்கு ஒரு சான்று: 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சனும் இவ்வாறே சாய்ந்தார். அவரது இதயமும் நின்றது. மருத்துவக் குழுவினர் விரைந்து வந்து மார்பை அழுத்தினர். மின்னதிர்ச்சிக் கருவியால் இதயத்தை மீண்டும் துடிக்க வைத்தனர். அவர் பிழைத்ததோடு, 2022 உலகக் கோப்பையிலும் ஆடினார்.

தோழியரே, ஓடும்போது மயங்கி விழுவது, நெஞ்சு வலிப்பது, இதயம் படபடவென்று தாறுமாறாக அடிப்பது ஆகியவற்றை, "காலையில் சாப்பிடவில்லை, அதனால்தான்" என்று ஒதுக்கிவிடக் கூடாது. மற்றவர் கேலி செய்வார்களோ என்றும் மறைக்கக் கூடாது. விளையாட்டு ஆசிரியையிடமும் வீட்டிலும் உடனே கூற வேண்டும். பெற்றோர்களே, உங்கள் குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். இதைப் படித்துவிட்டு மகளை விளையாட அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். பெரும்பாலானோருக்கு விளையாட்டு நன்மையே தரும். வேண்டியது அச்சமன்று, கவனமே.

ஒருவர் திடீரென்று விழுந்து, அழைத்தாலும் அசையாமல், மூச்சின்றியோ விட்டுவிட்டு மூச்சு இழுத்தபடியோ கிடந்தால் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கலாகாது. ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். மற்றொருவர் மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகமாகவும் அழுத்தமாகவும் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு மார்பு சுமார் 5 சென்டிமீட்டர் அமிழ வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. இதை முறையாகக் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும்.

ஃபோ அணிந்த 23-ஆம் எண் சட்டையை இனி எவருக்கும் அளிப்பதில்லை என்று மான்செஸ்டர் சிட்டி கழகம் முடிவு செய்தது. அது அவருக்கு அவரது கழகம் செய்த மரியாதை. ஓர் உயிரைக் காக்க நம் கைகளைப் பழக்கி வைப்பது நாம் செய்யக்கூடிய மரியாதை.