பரண் பெட்டி – 7: தின்னரில் போடுவதற்கு முன்னால்

ஆவணி பிறந்தால் கொலு வைக்கிற வீடுகளில் பரணில் இருக்கும் பெட்டிகள் இறங்கிவிடும். படியில் நிற்கிற தசாவதாரத்தையும் செட்டியார் பொம்மையையும்விட, கீழே தரையில் பிள்ளைகள் போடுகிற ‘பார்க்’ மேல்தான் எனக்குக் கண். விரல் நீளக் கார், பிளாஸ்டிக் போலீஸ்காரர், கையில் எடுத்தால் கனக்கிற குட்டி லாரி. வருஷத்துக்கு ஒரு கை பெயிண்ட் ஏறி ஏறி, காரின் கதவுக்கோடு மூடிப்போயிருக்கும். போலீஸ்காரருக்கு மூக்கே இருக்காது. அந்தப் பழைய பெயிண்டை எடுத்தால்தான் அடுத்த பூச்சு நிற்கும்.

எங்கள் ஆலங்குளத்தில் (சிமெண்ட் ஆலை ஆலங்குளம்; தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை) யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். “ராஜபாளையத்துல ஒரு தின்னர் பாட்டில் வாங்கி முக்கி வச்சிருங்கண்ணே, தன்னால கழண்டிரும்.” இரும்புக் கேட்டுக்கு அது சரி. பிளாஸ்டிக் போலீஸ்காரரை முக்கினால் பெயிண்டோடு அவரும் கரைந்துவிடுவார். தின்னரில் இருக்கும் டொலுயீனும் அசிட்டோனும் பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கைக் கூழாக்கிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரும் பெரும்பாலும் அசிட்டோன்தான்; பாட்டில் சின்னதாக இருப்பதால் சாது என்று நினைக்க வேண்டாம்.

என்ன பெயிண்ட் என்று கேட்பதற்கு முன்னால் என்ன உடம்பு என்று கேளுங்கள். குட்டிக் கார்கள் அநேகமாகத் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. இதற்குக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடும் யோசனையும் சிலர் சொல்வார்கள். துத்தநாகத்தைக் காரமும் அரிக்கும், அமிலமும் அரிக்கும். காஸ்டிக்கில் போட்டால் குமிழ் குமிழாக ஹைட்ரஜன் வரும், காரின் தோல் சொரசொரக்கும். கழிப்பறை ஆசிட்டும் அப்படியே. இன்னொரு சங்கதியும் உண்டு. வார்ப்புக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு உதிரும். இங்கிலாந்தின் டிங்கி டாய்ஸ் 1930களில் வார்த்த கார்கள் பல இப்படித்தான் பொடிந்தன. பெயிண்டுக்கு அடியில் வலைவலையாக விரிசல் தெரிந்தால் கை வைக்காதீர்கள். பெயிண்ட்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சின்னப் பிளாஸ்டிக், உலோக உருவங்களுக்கு வெளிநாட்டுப் பொழுதுபோக்குக்காரர்கள் கண்டுபிடித்த வழி நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது: டெட்டால். போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் இங்கிலாந்துக்காரர்கள் அக்ரிலிக் பெயிண்டை இதில்தான் கழற்றுகிறார்கள். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் பொம்மை முழுகும்படி தண்ணீர் கலக்காத டெட்டாலை ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பெயிண்ட் சுருங்கி, நகம் பட்டாலே ஆடை மாதிரி விலகும். கையுறை போட்டுக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷை அதே டெட்டாலில் தொட்டுத் தேயுங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள்: பாதியில் குழாயடியில் காட்டிவிடக் கூடாது. தண்ணீர் பட்டதும் டெட்டால் பால் நிறமாகும். கரைந்த பெயிண்ட் பிசினாகித் திரும்ப ஒட்டிக்கொள்ளும், மடிப்புக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு. டெட்டாலிலேயே கடைசித் துளி பெயிண்டும் போன பிறகுதான் பாத்திரம் தேய்க்கிற சோப்பு, அப்புறம் தண்ணீர்.

அந்த வாடை பிடிக்காதவர்களுக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பார்களே, அந்த ஐபிஏதான். முதலில் பொம்மையின் அடிப்பாகத்தில் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். நிறம் பஞ்சில் ஏறினால் தொடரலாம். பிளாஸ்டிக் பிசுபிசுத்தால் நிறுத்துங்கள். ஐபிஏ சீக்கிரம் தீப்பற்றும். சிவகாசி வட்டாரத்தில் இருந்துகொண்டு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆலையிலேயே சூளையில் சுட்டுப் பூசிய காரின் பெயிண்ட் இரண்டுக்கும் அசையாமல் போகலாம். அப்போது கடைப் பெயிண்ட் ரிமூவர் பக்கம் கை நீளும். லேபிளில் மெத்திலீன் குளோரைடு என்று இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதன் ஆவி உடம்புக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவில் 2019லேயே வீட்டு உபயோகத்துக்கு விற்கத் தடை வந்துவிட்டது. டிங்கரிங் பட்டறை வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மேல் பளபளப்பை மட்டும் எடுத்துவிட்டு, அதன்மேலேயே பூசுவது எவ்வளவோ மேல்.

நனைத்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் அமலில் இருக்கிறது. அதற்கு முந்தைய மஞ்சளிலும் ஆரஞ்சிலும் சிவப்பிலும் ஈயம் இருக்கலாம். காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அது தூசியாகப் பறக்கும், தவழ்கிற குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். தீயில் வாட்டி உரிப்பது அதைவிட மோசம். துடைக்க ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியே போதும். உரிந்த சிம்புகளையும் துணியையும் தாளில் மடித்துக் கவரில் கட்டிப் போடுங்கள். எரிக்கவும் வேண்டாம், வாய்க்காலில் விடவும் வேண்டாம்.

படிமேல் நிற்பவற்றுக்கு இந்த வைத்தியம் எதுவும் ஆகாது. மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரி மண் பொம்மை, காகிதக்கூழ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மூன்றும் திரவத்தை உறிஞ்சும். ஊறினால் பெயிண்டுக்கு முன் பொம்மை போய்விடும். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, உதிர்ந்த இடத்தில் மட்டும் பட்டி வைத்து நிறம் தொடுங்கள். செம்மர மரப்பாச்சிக்கு யாரோ எனாமல் அடித்துவைத்திருந்தால் ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். செம்மரத்தின் சிவப்புச் சாயம் ஆல்கஹாலில் கரையும். பஞ்சு சிவக்கச் சிவக்க பெயிண்ட் போகிறது என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள், வெளுப்பது மரம். பொரிந்த இடத்தை மூங்கில் குச்சியால் பொறுமையாக நெம்பி எடுப்பதுதான் வழி.

தகர ரயில் வைத்திருப்பவர்கள் சோப்புத் தண்ணீர்ப் பஞ்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் ஜன்னலும் பயணிகளும் தகட்டில் அச்சடித்தவை. உரித்தால் வெறும் தகடுதான் மிஞ்சும்.

அடுத்த வாரம், உரித்த காருக்குப் பிரைமர்.